குறுந்தகட்டுக்குள் இருக்கும் மூளை: படக்கோப்புகள் வடிவம் மாறும்போது நிகழ்வன

தேனி, உசிலம்பட்டி, திருமங்கலம், விருதுநகர் எனப் பல ஊர்களிலிருந்து பழங்காநத்தத்திற்கு வரும் குடும்பத்தினரின் கைகளில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, பெரிய உறையில் இட்ட கரிய ஸ்கேன் ஃபிலிம். மற்றொன்று, அவ்வுறையின் உட்புறத்தில் செருகப்பட்ட குறுந்தகடு. ஃபிலிம் மடங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பேருந்தில் வழி நெடுகிலும் அதை நிமிர்த்திப் பிடித்து வருவோர் உண்டு. குறுந்தகட்டை அவ்வாறு எவரும் போற்றுவதில்லை. ஆனால் மூளை தொடர்பான நோய்களில் மருத்துவருக்கு மிகுதியாகப் பயன்படுவது அந்தக் குறுந்தகடே. (எம்.ஆர்.ஐ. போல சி.டி. என்பதும் ஒரு ஸ்கேனின் பெயர். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் தகட்டைக் குறுந்தகடு என்றே குறிப்பிடுவோம்.)

வலிப்பு நோய் மருந்துகளுக்குக் கட்டுப்படாதபோது, அறுவை சிகிச்சை பயன் தருமா என ஆராய நோயாளிகள் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்திற்கோ அனுப்பப்படுவதுண்டு. அங்கே சென்றவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. "இங்கே எடுத்த ஸ்கேன் அங்கே ஏன் போதவில்லை? படத்தை வேறு வடிவத்திற்கு மாற்றவேண்டும் என்றார்களே, மாற்றினால் படமே மாறிவிடாதா? வண்ணம் பூசிய பந்து போன்ற ஒரு மூளையைக் கணினியில் காட்டினார்களே, அது என் மகனுடைய மூளைதானா?" இம்மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

நிலப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே வயலைப் பற்றிப் பத்திரம் ஏக்கர், சென்ட் என்று பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். புலப்படம் கோடுகளாலும் அளவுகளாலும் பேசும். வயல் ஒன்றே. ஒன்றில் உள்ள செய்தியை மற்றொன்றிற்கு மாற்றி எழுதும்போது, அலகு பிசகினாலோ, நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறினாலோ என்ன வழக்கு வரும் என்பது மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூளைப் படக்கோப்புகளின் கதையும் இதுவே. வேறுபாடு, இங்கே எல்லை மில்லிமீட்டரில் அமைகிறது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் தலையை மெல்லிய வெட்டுகளாகப் படம் பிடிக்கிறது. அவ்வெட்டுகள் ஒவ்வொன்றும் பொதுவாகத் தனித்தனிக் கோப்பாகக் குறுந்தகட்டில் பதியப்படும். இக்கோப்புகளின் வடிவத்திற்கு டைகாம் என்று பெயர். முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் தனக்கெனத் தனி மொழியில் படத்தைச் சேமித்தது. ஒருவர் இயந்திரத்தின் படத்தை மற்றவர் கணினியில் திறக்க இயலாது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கழகமும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் கூடி 1985இல் ஒரு பொது விதியை வெளியிட்டன. அதன் மூன்றாம் பதிப்பே 1993இல் டைகாம் என்னும் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் வழங்கும் குறுந்தகடுகளில் இருப்பது அதுவே. படத்துடன் நோயாளியின் பெயர், வயது, எடுத்த நாள், வெட்டின் தடிமன், தலை எந்தத் திசையில் இருந்தது என்பவையும் ஒவ்வொரு கோப்பிற்குள்ளும் எழுதப்பட்டிருக்கும்.

நோயைக் கண்டறிய வெட்டுப்படங்களே பெரும்பாலும் போதும். ஆனால் மூளையின் மேற்பரப்பை ஆராயவேண்டிய நிலை வரும்போது நிலைமை மாறுகிறது. பெருமூளையின் வெளிப்புறப் படலமாகிய புறணி, அக்ரூட் பருப்பைப்போல் மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. அதன் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது. புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டரே. குழந்தைகளுக்கு வரும் கட்டுப்படாத வலிப்பு சிலவற்றிற்குக் காரணம், கருவில் வளரும்போது புறணியின் ஒரு சிறு பகுதி ஒழுங்காக உருவாகாமல் போவது. அப்பகுதி ஒரு பள்ளத்தின் அடியில் ஒளிந்திருந்தால், வெட்டுப்படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு எளிதில் தென்படாது. மடிப்புகளை விரித்துப் பார்க்க முடிந்தால் தென்படலாம்.

உண்மையில் மூளையை விரிக்க இயலாது; கணக்கில் விரிக்கலாம். இதற்கான மென்பொருள்களுள் மிகப் பெயர்பெற்றது, அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வு மையத்தில் வளர்ந்த ஃப்ரீசர்ஃபர். ஆண்டர்ஸ் டேல், ப்ரூஸ் ஃபிஷல் ஆகியோர் இதன் அடிப்படை முறைகளை 1999இல் வெளியிட்டனர். இலவசமாகக் கிடைப்பது, ஆய்வுக்கென உருவானது. ஆதலால் மருத்துவர்கள் இதன் முடிவைத் துணையாகக் கொள்வரேயன்றி, இதை மட்டும் நம்பிக் கத்தியை எடுப்பதில்லை. இம்மென்பொருள் வெட்டுப்படங்களில் வெள்ளைப் பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் இடையிலான எல்லையைப் பின்தொடர்ந்து சென்று, அவ்வெல்லையின்மேல் ஒரு வலையை விரிக்கிறது. வலை முழுவதும் சிறு முக்கோணங்கள். ஒப்பிடுவதற்கென ஃப்ரீசர்ஃபர் வைத்திருக்கும் மாதிரி மூளையில், ஒரு பாதிக்கு மட்டும் 1,63,842 முனைகளும் 3,27,680 முக்கோணங்களும் உள்ளன. பின்னர் அந்த வலையைப் பலூன்போல் ஊதிப் பள்ளங்களை வெளிக்கொணரலாம். நீங்கள் கணினியில் கண்ட வண்ணப் பந்து அதுதான். அது உங்கள் மகனுடைய மூளையே. ஆனால் ஊதிய உருவம். மூளை வீங்கியிருக்கிறது என்று எண்ணி அஞ்சவேண்டாம். வண்ணங்கள் தடிமனையோ பள்ளத்தின் ஆழத்தையோ குறிக்கும்; சிவப்பு என்றால் குருதிக் கசிவு என்று பொருளில்லை.

இவ்வளவு வேலைகளுக்கிடையே கோப்புகள் பலமுறை வடிவம் மாறுகின்றன. டைகாமிலிருந்து முதலில் நிஃப்டி என்னும் வடிவத்திற்கு. (பங்குச் சந்தை நிஃப்டிக்கும் இதற்கும் உறவில்லை, மூளை ஆய்வுக்காக 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முயற்சியால் வந்தது.) நூற்றுக்கணக்கான டைகாம் கோப்புகள் இங்கே ஒரே கோப்பாகத் திரள்கின்றன. அதிலிருந்து மேற்பரப்பு வலை உருவாகி, ஃப்ரீசர்ஃபரின் சொந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. வேறொரு மென்பொருள் அதைப் படிக்கவேண்டுமானால் கிஃப்டி என்னும் பொது வடிவத்திற்கு மாறவேண்டும். அறுவை அறையின் வழிகாட்டுக் கருவிக்குச் செல்லவேண்டுமானால் மீண்டும் டைகாம். முப்பரிமாண அச்சுக்குச் செல்ல எஸ்.டி.எல். ஒவ்வொரு மாற்றத்திலும் கவனமின்றிக் கைவிடப்படக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது.

இடமும் வலமும்

முதன்மையான ஆபத்து இதுவே. பள்ளியில் வரைபடத்தாளில் ஆதிப்புள்ளி குறித்து, வலப்பக்கம் கூட்டல், இடப்பக்கம் கழித்தல் என்று படித்திருப்பீர்கள். தலைக்குள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்வாறே மூன்று எண்கள் உண்டு. டைகாம் வடிவம் நோயாளியின் இடப்புறத்தையும் பிற்புறத்தையும் கூட்டல் திசையாகக் கொள்கிறது. நிஃப்டியோ வலப்புறத்தையும் முற்புறத்தையும் கூட்டலாகக் கொள்கிறது. எனவே மாற்றும்போது இரண்டு எண்களின் குறிகளைத் திருப்பியாக வேண்டும். ஒன்றைத் திருப்பி மற்றொன்றை விட்டுவிட்டால் மூளை கண்ணாடிப் பிம்பம் ஆகிவிடும். இடப்பாதி வலப்பாதியாகத் தோன்றும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது. ஏனெனில் நம் மூளையின் இரு பாதிகளும் அவ்வளவு ஒத்த தோற்றம் உடையவை. ஆனால் வலக்கைப் பழக்கமுள்ளோரில் பெரும்பாலோர்க்குப் பேச்சுத்திறன் இடப்பாதியில் அமைந்துள்ளது. எப்பாதியைத் தொடுவது என்பது பேச்சு நிலைப்பதா போவதா என்னும் கேள்வி.

நிஃப்டிக்கு முன் புழக்கத்தில் இருந்த, மாயோ மருத்துவமனையில் உருவான அனலைஸ் என்னும் வடிவத்தில், எது இடம் எது வலம் என்று ஐயமின்றிக் குறிக்க முறையான வழி இல்லை. அக்குறையைத் தீர்ப்பது நிஃப்டி உருவானதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. போதாக்குறைக்கு, கதிரியக்க மருத்துவர்கள் நோயாளி எதிரே படுத்திருக்க அவருடைய பாதத்திலிருந்து பார்ப்பதுபோல் படத்தைக் காண்பர். ஆகவே நோயாளியின் வலப்புறம் திரையின் இடப்பக்கத்தில் வரும். மூளை ஆய்வாளர்களுள் பலர் இதற்கு நேர்மாறாகக் காட்டுவர். உங்கள் ஃபிலிமின் ஓரத்தில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும் ஆங்கில எழுத்துகள் எதற்கு என்று இப்போது விளங்கும்.

சில ஆய்வு மையங்களில் ஸ்கேன் எடுக்குமுன் நோயாளியின் நெற்றிப்பொட்டின் ஒரு பக்கத்தில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டுவர். அது மருந்தன்று. அதனுள் உள்ள எண்ணெய் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாக ஒளிரும். கோப்பு எத்தனை முறை வடிவம் மாறினாலும், அந்த வெண்புள்ளி எப்பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் இடம் வலம் தெரிந்துவிடும். கணினி வல்லுநர்கள் வகுத்த பல சரிபார்ப்புகளைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் இந்த மாத்திரை நம்பத்தக்கது என்பது என் கருத்து.

மேற்பரப்பு வலைகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஃப்ரீசர்ஃபர் இரு பாதிகளையும் இரு கோப்புகளாக வைக்கிறது. எது எப்பாதி என்பதைக் கோப்பின் பெயரின் முன்னெழுத்துகளைக் கொண்டே அறியவேண்டும். யாரேனும் நல்லெண்ணத்தோடு பெயரை மாற்றி நோயாளியின் பெயரை இட்டுவிட்டால், அந்த அடையாளம் போய்விடும். கிஃப்டி வடிவத்தில் இடப்பாதி, வலப்பாதி என்பதைக் கோப்பின் உள்ளேயே எழுதிவைக்க இடம் உண்டு. ஆகவே மாற்றும்போது அவ்விடத்தை நிரப்பினார்களா என்று பார்ப்பது வழக்கம்.

சில மில்லிமீட்டர்

அடுத்தது ஆதிப்புள்ளி. எம்.ஆர்.ஐ. இயந்திரம் தன் காந்தத்தின் நடுவிடத்தை ஆதிப்புள்ளியாகக் கொண்டு அளக்கிறது. ஃப்ரீசர்ஃபரின் மேற்பரப்புக் கோப்போ படத்தொகுப்பின் நடுவை ஆதிப்புள்ளியாகக் கொள்கிறது. நோயாளியின் தலை காந்தத்தின் நட்டநடுவில் இருப்பது அரிது. ஆதலால் இரண்டிற்கும் இடையே வேறுபாடு இருக்கும். வடிவம் மாற்றும்போது அவ்வேறுபாட்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மறந்தால், வலை மூளையை விட்டு விலகி நிற்கும்.

விலகல் 4 சென்டிமீட்டர் என்றால் கவலையில்லை. வலை மண்டையோட்டுக்கு வெளியே தொங்குவதைக் குழந்தைகூடக் கண்டுகொள்ளும். விலகல் 4 மில்லிமீட்டர் என்றால்தான் தொல்லை. படம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் ஒரு பள்ளத்தின் முன்கரையில் இருக்கும் புள்ளி பின்கரையில் இருப்பதாகக் காட்டப்படும். கையை அசைக்கும் பகுதி நடுப்பள்ளத்தின் முன்கரையிலும், தொடுவுணர்வுப் பகுதி அதன் பின்கரையிலும் அமைந்துள்ளன என்பதை எண்ணிப்பாருங்கள். எனவேதான் மாற்றிய வலையின் கோட்டை மூல வெட்டுப்படத்தின்மேல் படியவைத்து, ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, கோடு எல்லையை விட்டு விலகாமல் செல்கிறதா எனக் கண்ணால் பார்க்கவேண்டும். முனைகளின் எண்ணிக்கை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒன்றாக உள்ளதா என்றும் எண்ணவேண்டும். ஏனெனில் தடிமன் போன்ற அளவுகள் தனிக்கோப்பில் முனைகளின் வரிசைப்படியே எழுதப்படுகின்றன. வரிசையில் ஒன்று தவறினாலும், அதற்குப் பின்வரும் அளவுகள் எல்லாம் பக்கத்து முனையின்மேல் போய் உட்காரும். சில மென்பொருள்கள் சுழியத்திலிருந்தும் சில ஒன்றிலிருந்தும் எண்ணத் தொடங்குவதால் இது நேரக்கூடியதே.

எஸ்.டி.எல். வடிவம் வேறு வகை. முப்பரிமாண அச்சுக்காக 1980களில் உருவான இவ்வடிவத்தில் முக்கோணங்கள் மட்டுமே இருக்கும். நோயாளியின் பெயர் இராது. அளவின் அலகும் இராது. சாலை விபத்தில் மூளை வீங்கி, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் டைட்டானியம் தகடு பொருத்தும்போது, சி.டி. ஸ்கேனிலிருந்து இக்கோப்பை உருவாக்கித் தகடு செய்பவருக்கு அனுப்புவதுண்டு. கோப்பில் 120 என்று இருந்தால் அது 120 மில்லிமீட்டரா, அங்குலமா என்று கோப்பு சொல்லாது. மில்லிமீட்டருக்கும் அங்குலத்திற்கும் 25.4 மடங்கு வேறுபாடு என்பதால் பிழை உடனே கண்ணில் படும்; நல்லவேளை. பெயர் இல்லாததே இதில் பெரிய ஆபத்து. ஆகவே கோப்புடன் நோயாளியின் அடையாள எண்ணும், எப்பக்கம் என்பதும், அளவு குறித்த தாளும் சேர்ந்தே செல்லவேண்டும்.

ஒரு மூளையை மற்றொன்றோடு ஒப்பிடும்போதும் மாற்றம் தேவைப்படுகிறது. உலகெங்கும் பயன்படும் மாதிரி மூளை, கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தில் 152 பேரின் படங்களைச் சராசரியாக்கி உருவாக்கப்பட்டது. நம்மவர் மூளையின் அளவும் விகிதமும் அதனோடு முழுதும் பொருந்தவில்லை. ஹைதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் மருத்துவர்களோடு இணைந்து, 100 இந்தியரின் படங்களைக்கொண்டு இந்திய மூளை மாதிரி ஒன்றை 2019இல் வெளியிட்டனர். அதன்படி நம் சராசரி மூளை மேலைநாட்டு மாதிரியைவிடச் சற்றுச் சிறியது. இதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. உடலின் அளவுக்கேற்ற அளவு, அவ்வளவே. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்னும் பெயரில் கருவில் வளரும் மூளையின் முப்பரிமாண வரைபடத்தை எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதில் 5,132 வெட்டுப்படங்கள். அவை இடம் பிசகாமல் அடுக்கப்பட்டால்தான் முழு மூளையாகத் திரளும் என்பதை எண்ணினால், இத்துறையில் மாற்றிப் பொருத்தும் பணிக்கு எவ்வளவு உழைப்புச் செல்கிறது என்பது புலப்படும்.

உங்கள் கையில் உள்ளவை

மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது ஏன் என்னும் கேள்வி எஞ்சுகிறது. பல வேளைகளில் காரணம் வடிவம் அன்று, வெட்டின் தடிமன். அவசரத்திற்கு எடுக்கும் ஸ்கேனில் வெட்டுகள் 5 மில்லிமீட்டர் தடிமன் உடையவையாக இருக்கலாம். 2.5 மில்லிமீட்டர் புறணியை அதில் எப்படிப் பின்தொடர்வது? வலிப்பு நோய்க்கான உலக அமைப்பு 2019இல் தந்த பரிந்துரை, இடைவெளியின்றி 1 மில்லிமீட்டர் அளவில் முப்பரிமாணப் படம் எடுக்கவேண்டும் என்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். எந்த மென்பொருளும் அளக்காத ஒன்றை உண்டாக்க இயலாது. எனவே வேறு மருத்துவமனைக்குச் செல்லுமுன், "இதில் 1 மில்லிமீட்டர் முப்பரிமாண வரிசை இருக்கிறதா?" என்று கதிரியக்கப் பிரிவில் கேட்டறிந்து செல்வது, ஒரு பயணத்தையும் ஒரு ஸ்கேன் செலவையும் மிச்சப்படுத்தக்கூடும்.

ஃபிலிமைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, அவசரத்தில் ஒரு மருத்துவரின் உடனடிக் கருத்தைப் பெற உதவும். ஆனால் அதிலிருந்து மேற்பரப்பு வலை உருவாக்க இயலாது. அளவும் திசையும் அதில் இல்லை. குறுந்தகட்டைப் பென்டிரைவில் படியெடுப்பதானால் எல்லாக் கோப்புறைகளையும் உள்ளது உள்ளபடியே எடுங்கள். பொருள் விளங்காத எண்களாகத் தோன்றும் கோப்புகளே உண்மையான படங்கள். அவற்றை நீக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம். வேறு வடிவத்திற்கு மாற்றித் தரப்பட்டாலும், மூல டைகாம் குறுந்தகட்டைக் கைவிடாதீர்கள். மாற்றத்தில் ஐயம் எழுந்தால் திரும்பிச் சென்று பார்ப்பதற்கு அது ஒன்றே சாட்சி.

அந்தரங்கம் குறித்தும் ஒரு சொல். தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மூளையின் மேற்பரப்பை மட்டுமன்றி முகத்தின் மேற்பரப்பையும் அதே முறையில் உருவாக்கலாம். மாயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 84 தன்னார்வலருள் 70 பேரை, அவர்களின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து உருவான முகத்தைக்கொண்டு முகமறியும் மென்பொருள் சரியாக இனங்கண்டது. ஆகவே பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் நீங்குவதில்லை. ஆய்வுக்காக உங்கள் படத்தைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கப்பட்டால், முகப்பகுதியை அழித்த பின்னரே பகிர்வார்களா என்று தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைக்காக அனுப்பும் படத்தில் நிலைமை நேர்மாறானது: அங்கே பெயரும் எண்ணும் இருந்தே ஆகவேண்டும். நிஃப்டி கோப்பில் இயல்பாகப் பெயர் இராது என்பதால், உறையின்மேல் பெயர், பிறந்த நாள், ஸ்கேன் எடுத்த நாள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பேணவேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும். வலிப்பு நோயாளிகளுக்கு மூன்று ஆண்டு என்பது குறுகிய காலம். ஐந்து வயதில் எடுத்த படம் பன்னிரண்டு வயதில் ஒப்பிடத் தேவைப்படலாம். எனவே பழைய குறுந்தகடு எதுவாயினும் வீசிவிடாமல், கீறல் விழாத உறையில் இட்டு, ஒரு படியும் எடுத்து வீட்டில் வையுங்கள். உங்கள் கணினியில் இப்போது குறுந்தகடு இயக்கி இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு பென்டிரைவையும் உடன் கொண்டுவந்து, படியெடுத்துத் தர இயலுமா என்று கதிரியக்கப் பிரிவில் கேளுங்கள்.